முதல் சொல்லுக்குக் காத்திருந்த வீடு

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை பத்தரைக்கு மேலகரம் வகுப்பில் இருந்தவர்கள்: பேச்சுப் பயிற்சியாளர் சுகிர்தம். செண்பகவல்லி, மடியில் அவள் மகள். மாஜிதா, மடியில் இருபது மாத ஹம்தான். மாஜிதாவின் நாத்தனார் ரஹ்மத். ரஹ்மத்தின் கையிலிருந்த போனுக்குள், சவுதியின் தம்மாமிலிருந்து, ஹம்தானின் வாப்பா சேக் மைதீன்.

சுகிர்தம் பதிவேட்டில் எல்லார் பெயரையும் எழுதி மூடப்போனாள்.

“என் பேரையும் எழுதுங்க டீச்சர். நானும்தான் வந்திருக்கேன்” என்றது போன்.

அவள் பேனாவை மறுபடி திறந்து எழுதினாள்.

மாஜிதா நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது விமானம் ஏறியவன் சேக் மைதீன். மகனை இன்னும் கையால் தொட்டதில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து வீட்டில் வீடியோ கால் அணைந்ததில்லை. உதிரிபாகக் குடோனில் கணக்குப் பார்க்கும்போதும் அவன் ஒரு காது தென்காசி வீட்டில்தான் இருக்கும். போனைத் தூக்கிக்கொண்டு பிள்ளையின் பின்னால் நடப்பது ரஹ்மத்தின் வேலை.

போன வாரம் அரசு ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை முடிந்தது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கின்றன. அதே டாக்டர் நாக்கையும் தூக்கிப் பார்த்துவிட்டு, அடியில் நாக்கைப் பிடிக்கும் கட்டு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஹம்தான் ஒரு சொல் சொன்னதில்லை. உம்மா என்றுகூட.

அதனால்தான் சுகிர்தம் இரண்டு தாய்மாரிடமும் அரைமணி நேர ஒலிப்பதிவு கேட்டிருந்தாள். வீட்டில் பிள்ளை முழித்திருக்கும் நேரம், எப்போதும் இருப்பதுபோல. அலங்காரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

முதலில் செண்பகவல்லியுடையதைப் போட்டாள். “இது என்ன? இது என்ன? சொல்லு, சொல்லு, அம்மாவுக்குச் சொல்லு. இது என்ன கலரு?” முடிவே இல்லை.

“நாப்பத்தேழு கேள்வி. போலீஸ் ஸ்டேஷன்லகூட ஒரு ஆள இப்படிக் கேக்கமாட்டாவ” என்றாள் சுகிர்தம்.

செண்பகவல்லி சிரித்தாள். “சிப்ஸ் கடைல இவ அப்பாவும் இதேதான் டீச்சர். கஸ்டமர விட்டுட்டு இவளத்தான் கேக்காக.”

“ரெண்டு பேரும் கேள்விய நிறுத்துங்க. அவ எதப் பாக்காளோ அதோட பேர நீ சொல்லு. அவ முகத்துக்கு நேரா உக்காந்து சொல்லு. பொறவு வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. அவ என்ன சத்தம் போட்டாலும் அதான் பதிலு. அதுக்கு நீ மறுபடி பதில் சொல்லு. பந்து எறிஞ்சு புடிக்க மாதிரி.”

பிறகு மாஜிதாவுடையது ஓடியது.

மின்விசிறிச் சத்தம். எங்கோ ஒரு பாத்திரம். பிள்ளை “ங்ஆ” என்றான். யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுபடி “ங்ஆ, ங்ஆ” என்றான். கதவு கிரீச்சிட்டது. குக்கர் விசில்.

“மாஜிதா, என்ன சத்தம் அது?” ஆண் குரல்.

“குக்கரு மச்சான்.”

“மெல்ல. புள்ள என்னமோ சொல்ல வந்தான்.”

மறுபடி மின்விசிறி மட்டும்.

அரைமணி நேரத்தையும் ஓடவிடாமல் சுகிர்தம் நிறுத்தினாள். “இவன் இருபத்திரெண்டு தடவ சத்தம் குடுத்திருக்கான். நான் எண்ணி வச்சிருக்கேன். ஒருத்தர்கூடப் பதில் சொல்லல. இந்த வீட்டுல யாரும் பேசமாட்டிங்களா?”

மாஜிதா தலை குனிந்தாள். பதில் போனிலிருந்து வந்தது.

“நான்தான் டீச்சர் சொல்லி வச்சிருக்கேன், சத்தம் போடாதீங்கன்னு. புள்ள மொத வார்த்த சொல்லும்போது எனக்குக் கேக்கணும்லா.”

அவன் குரலில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. பொறுப்பான தகப்பன் என்று டீச்சர் நினைத்துக்கொள்வாள் என எதிர்பார்த்த குரல் அது.

“எம்புட்டு நாளா?”

“பொறந்ததுலருந்து. டிவிகூடக் கெடையாது.”

அப்போது ஹம்தான் கட்டைவிரலைக் கீழுதட்டில் வைத்து ரஹ்மத்தைப் பார்த்தான். ரஹ்மத் ஒரு வார்த்தை பேசாமல் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு உள்ளங்கையைக் கவிழ்த்தான். மாஜிதா மூடியை மூடினாள். பிறகு விரலை விசிறிபோல ஆட்டினான். மாஜிதா அவனைக் காற்று படும் பக்கம் மாற்றி உட்காரவைத்தாள்.

சுகிர்தம் மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரஹ்மத், இது என்ன இது?”

“அது ஒண்ணுமில்ல டீச்சர்.” ரஹ்மத் கூச்சப்பட்டாள். நாற்பது வயதுக்காரி, ஆள் பார்க்க அதட்டலாக இருப்பாள், குரல் மட்டும் கிசுகிசுப்பு. “சத்தம் போடக்கூடாதுல்லா. நானும் மாஜிதாவும் வீட்டுல கையாலயே பேசிக்கிடுவோம். சோறு வெந்துட்டு, பால்காரன் வந்துட்டான், அப்படி.”

“இன்னும் என்னல்லாம் காட்டுவான்?”

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்து, யோசித்து, விரல்விட்டு எண்ணினார்கள். ஒன்பது வந்தது.

சுகிர்தம் நாற்காலியில் சாய்ந்தாள். “ஒம்போது வார்த்த. யாரு இவன ஊமைன்னு சொன்னது? இவனுக்குப் பாஷை வந்துட்டு. உங்க வீட்டுப் பாஷை இதான், அதப் படிச்சுட்டான். வாயால பேசுத பாஷைய நீங்க காட்டவே இல்ல.”

மாஜிதாவுக்கு வந்தது துக்கமா கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. மூன்று மாதமாக மாமன் வீட்டாரும் சொந்தக்காரரும் அவள் கர்ப்பத்தில் எதைத் தின்றாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கை காட்டுறத நிறுத்த வேண்டாம்” என்றாள் சுகிர்தம். “அது நல்லது. அவன் கை காட்டுனா நீங்க வாயால சொல்லணும், அவ்வளவுதான். தண்ணியா? தண்ணி வேணுமா? இந்தா தண்ணி. குளிப்பாட்டும்போது, சோறு குடுக்கும்போது, தூங்க வைக்கும்போது. இந்த மூணு நேரமும் போன அணைச்சுரணும்.”

“அணைக்கணுமா?” என்றான் சேக் மைதீன்.

“அரைமணி அரைமணி. மூணு வேளை.”

“டீச்சர், என் புள்ளய நான் பாக்கதே அதுலதான்.”

“பாருங்க தம்பி. யாரு வேண்டாங்கா? மத்த நேரம் நீங்களும் அவன்கிட்டப் பேசுங்க. சும்மா கேட்டுக்கிட்டே இருக்காதீங்க.”

போனிலிருந்து அவன் குரல் வேறு மாதிரி வந்தது.

“எங்க ரூம்ல ஒருத்தன் இருக்கான். அவன் புள்ளைக்கும் இதே கததான். நாக்குக்கு அடில லேசா வெட்டி விட்டாங்க, பத்து நாள்ல பேசிட்டு. நான் ஒரு எடத்துல பேசி முடிச்சுட்டேன். இன்னைக்கு ஆறு மணிக்கு. உங்க வகுப்பு போதும் டீச்சர்.”

“வெட்டுததுக்கு அவனுக்குக் கட்டே இல்லியே. டாக்டர் எழுதித் தந்திருக்காரே. நாக்க மூக்குவர நீட்டுதான், முறுக்கு கடிக்கான்.”

“நீங்க டாக்டரா?”

“இல்ல. அதான் டாக்டர் எழுதினதச் சொல்லுதேன்.”

“ராத்தா, கெளம்பு” என்றான் சேக் மைதீன் அக்காவிடம்.

தென்காசிக்கு ஆட்டோ இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் மாஜிதா டிரைவரிடம் சொன்னாள்: “குத்தாலத்துக்கு விடுங்கண்ணே.”

ரஹ்மத் விரல்களை விரித்து எதற்கு என்று கேட்டாள். மாஜிதா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“எங்க போறிய?” என்றது போன்.

“அருவிக்கு மச்சான். புள்ளைக்குக் காட்டத்தான்.”

“சாரல் அடிக்குதுல்லா. சளி புடிச்சா மயக்க ஊசி போடமாட்டாக. ஆறு மணிய மறந்துராத. சலீம் மாமா ஆட்டோ எடுத்துட்டு வாராக, சொல்லியாச்சு.”

கல்யாணமான மூன்று வருடத்தில் அவனிடம் கேட்காமல் அவள் போகும் முதல் இடம் இது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்த முதுகுகள், நனைந்த துண்டுகள், மங்குஸ்தான் கூடைகள். பேரருவியில் வெள்ளம் கூடுதல் என்று குளிக்க விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். சனம் கயிற்றுக்கு இப்பால் நின்று வேடிக்கை பார்த்தது. மாஜிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கயிறுவரை போனாள். ரஹ்மத் பிளாஸ்டிக் உறைக்குள் போனைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள்.

“ஹலோ. ஹலோ? ஒண்ணும் கேக்கல. ராத்தா? ஒரே இரைச்சலா...”

மாஜிதா திரும்பினாள்.

“மைனி! இங்கன அவுகளுக்குக் கேக்காது!”

ரஹ்மத் அடி வாங்கியவள்போல நின்றாள். மாஜிதா கத்தி அவள் கேட்டதே இல்லை.

“நாக்க வெட்ட நான் விடமாட்டேன்!”

“ஏட்டி, எங்கிட்ட எதுக்குக் கத்துத? நானா வெட்டப் போறேன்?”

“நீங்கதான தூக்கிட்டுப் போவிய?”

“அவன் சொன்னா தூக்கித்தான் ஆகணும்!” ரஹ்மத்துக்கும் குரல் ஏறிவிட்டது. ஏறியதும் அவளே பயந்து போனைப் பார்த்தாள். திரையில் அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. “ஆறு வருசமா அவன் சோறு. எம்மாப்ள என்னைய வேண்டாம்னு விட்டப்ப, ஒரு வார்த்த கேக்காமக் கூட்டிட்டு வந்தான். நான் எங்கன போவேன், சொல்லு?”

“அதுக்கு எம்புள்ள நாக்கா?”



மாஜிதா பிள்ளையை ஈரத் தரையில் இறக்கினாள். அவன் முகத்துக்கு நேராகக் குந்தினாள். அவன் அருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி!” என்றாள். “தண்ணி விழுது! பெரிய தண்ணி!”

நிறுத்தினாள். உள்ளுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றில் அவன் அவள் வாயைப் பார்த்தான். கண்ணை அல்ல, கையை அல்ல, வாயை. நான்கில் அவன் வாய் திறந்தது.

என்ன சத்தம் வந்தது என்று அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது மட்டும் தெரிந்தது.

“ஆமா! தண்ணி! ஜில்லுன்னு தண்ணி!”

அவன் மறுபடி கத்தினான். அவளும் கத்தினாள். அவன் சிரித்துவிட்டு இன்னும் பெரிதாகக் கத்தினான். பக்கத்தில் நின்ற ஒரு கேரளத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஏழெட்டு முறை போனது அப்படி. சொல் எதுவும் வரவில்லை. வெறும் கத்தல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் முடிக்கும்வரை காத்திருந்துதான் அவன் கத்தினான்.

ரஹ்மத் போனைப் பர்தாவுக்குள் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

“மணி ரெண்டாவுது. போலாம்” என்றாள் கடைசியில்.

வீட்டுக்கு வந்ததும் போன் அலமாரி விளிம்பில் அதன் இடத்தில் ஏறியது.

“ரெண்டு மணி நேரம் எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்றான் சேக் மைதீன். அவனை ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோலச் சொன்னான்.

நாலரைக்கு மாஜிதா பிள்ளையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தாள். போனை அணைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பேசத் தைரியம் வந்திருந்தது.

“சோப்பு. வழுக்குது சோப்பு. கை எங்க? இந்தா ஹம்தான் கை.”

“மாஜிதா, மெல்ல. புள்ள என்னமோ சொல்லுதான்.”

“வயிறு. குட்டி வயிறு. தண்ணி ஊத்தட்டா?”

“மாஜிதா!”

“ஊத்துதேன் பாரு. ஒண்ணு, ரெண்டு, ஊத்தியாச்சு!”

“ஏட்டி, உன்னத்தான். காது கேக்கலயா?”

“கேக்குது மச்சான்.” அவள் குவளையைக் கீழே வைத்தாள். “நீங்க சொல்லுதது எனக்கு எல்லாம் கேக்குது. நீங்களும் அவன்கிட்டப் பேசுங்களேன். டீச்சர் சொன்னாகல்லா. வாப்பா என்ன சாப்புட்டேன்னு சொல்லுங்க. என்ன சட்ட போட்டிருக்கேன்னு சொல்லுங்க.”

“அவன்கிட்டயா?”

“ஆமா.”

அவள் துண்டால் பிள்ளையைச் சுற்றித் தூக்கி, திரைக்கு முன் நிறுத்தினாள். சேக் மைதீன் மகனைப் பார்த்தான். மகன் வெறுமனே நின்றான். சேக் மைதீன் தொண்டையைச் செருமினான். “ஹம்தான்” என்றான். அதற்கப்புறம் அவனுக்கு எதுவும் வரவில்லை. இருபது மாதம் கேட்டவன். என்ன பேசுவது என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்து மாஜிதாவுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அவனும் அதைப் பார்த்துவிட்டான். அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

“எனக்கே பாடம் எடுக்கியா? ஒரு நாள் வகுப்புக்குப் போயிட்டு வந்து? புள்ளைக்குச் சட்டையப் போடு. மாமா அஞ்சரைக்கு வந்துருவாக.”

“அவன் வரமாட்டான் மச்சான்.”

“என்னது?”

“நாக்குல ஒரு கொறையும் இல்லாத புள்ளய வெட்ட அனுப்பமாட்டேன். உங்களுக்குக் கேக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டோம். அவனும் மூடிக்கிட்டான். கொற அவன் நாக்குல இல்ல.”

அலமாரியிலிருந்து அவன் மூச்சு விடுவது கேட்டது.

“ராத்தா” என்றான். “அவகிட்ட எனக்குப் பேச்சு இல்ல. நீ புள்ளயத் தூக்கு.”

ரஹ்மத் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அசையவில்லை.

“தூக்குதியா இல்லியா? தூக்க முடியாதுன்னா உன் பெட்டியையும் எடுத்துக்கிட்டு இப்பமே கெளம்பு. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. முகம்மது சலீம் குரல் தெருவிலிருந்தே வந்தது. குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, சேக் மைதீனுக்கும் ரஹ்மத்துக்கும் தாய்மாமன். “ஏ ரஹ்மத்! புள்ளயக் கொண்டா, மழ பிடிக்கப் போகுது! உள்ளயே நின்னு என்ன செய்யுதிய?”

ரஹ்மத் பர்தாவை மாட்டினாள். ஒரு கையில் போனை எடுத்தாள். மறு கையை நீட்டி மாஜிதாவின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கப் போனாள். மாஜிதா விடவில்லை. இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஹம்தான் மாட்டிக்கொண்டான்.

“இழுக்காதிய மைனி, புள்ளைக்கு வலிக்கும்.”

“நீ விடு.”

“ராத்தா, வாங்கிட்டியா? போன நேரா பிடி, எனக்குத் தெரியல!”

போன் ஹம்தானின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதற்குள்ளிருந்து சேக் மைதீன் கத்திக்கொண்டிருந்தான். ஹம்தான் திரையைப் பார்த்தான். பிறகு ரஹ்மத்தைப் பார்த்தான். இரண்டு விரலால் தன் புருவத்தைப் பிடித்து ஒருமுறை கீழே இழுத்தான்.

காலையில் சுகிர்தத்திடம் சொன்ன ஒன்பதில் அது இல்லை. சொல்லக் கூசி இரண்டு பேரும் விட்டுவிட்டது அது. சேக் மைதீன் கோபமாக இருக்கிறான், சத்தம் காட்டாதே என்பதற்கு இருபது மாதமாக அவர்கள் காட்டும் சைகை. பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரையைக் காட்டி அவன் மறுபடி புருவத்தை இழுத்தான். வாப்பா என்பதற்கு அவனிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ரஹ்மத்தின் பிடி தளர்ந்தது.

“என்ன காட்டுதான் அவன்? ராத்தா, என்ன அது?” என்றான் சேக் மைதீன்.

ரஹ்மத் பிள்ளையை மாஜிதாவின் இடுப்பிலேயே அழுத்தி வைத்தாள். மாஜிதாவைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, படியில் இறங்கி, செருப்பைப் போட்டாள். சலீம் மாமா குடையை விரித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்குவது தெரிந்தது.

“எங்க புள்ள?” என்றார் அவர்.

ரஹ்மத் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“மாஜிதா!” தெரு முழுக்கக் கேட்கும்படி வந்தது குரல். “கதவச் சாத்து. உள்ள பூட்டிக்கோ. யாரு தட்டுனாலும் தொறக்காத.”

“யாரச் சாத்தச் சொல்லுத?” போன் கத்தியது. “ராத்தா! எவ வீடு அது?”

“உனக்குக் கேக்கணும்னுதான் சத்தமாச் சொல்லுதேன் மைதீனு” என்றாள் ரஹ்மத்.

மாஜிதா கதவை ஒரு கையால் தள்ளினாள். அது மழை ஈரத்தில் உப்பியிருந்தது, தோளைக் கொடுத்து முட்ட வேண்டியிருந்தது. சாத்திக்கொண்டது. கொண்டி விழுந்தது. பிறகு பூட்டுக்குள் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியதை, சாரலில் போனைப் பிடித்தபடி வெளியே நின்ற ரஹ்மத் கேட்டாள்.